வாங்குகிற வாய்

கால்பந்து அணியை மூடிவிட்ட செய்தியைச் செயலாளர் பாண்டியராஜன் ஒரு டம்ளர் மோர் வரவழைத்துக் கொடுத்த பிறகுதான் சொன்னார். மரியாதை தெரிந்த மனிதர். ஆளைக் கிணற்றில் தள்ளுவதாக இருந்தாலும் செருப்பை ஓரமாகக் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டுத்தான் தள்ளுவார்.

“குடிங்கம்மா. வெயிலு மண்டையப் பொளக்குது.”

ரஹ்மத் நிஷா குடித்தாள். உத்தமபாளையம் போகிற சாலையில், திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே நிற்கிற அந்த மகளிர் கல்லூரியில் அவள்தான் உடற்கல்வி ஆசிரியை, அவள்தான் கால்பந்துக் கோச். 1996இல் சேர்ந்தாள். இப்போது 2010 ஏப்ரல். இத்தனை வருஷமும் தற்காலிக வேலைதான். ஒவ்வொரு ஜூன் மாதமும் செயலாளர் ஒரு வருஷம் நீட்டித்துக் கொடுப்பார், அவளும் சலாம் வைத்து வாங்கிக்கொள்வாள். இந்த ஜூனுக்கு நீட்டிப்பு இல்லை என்பதுதான் மோருக்கு அர்த்தம்.

“கிரவுண்டுல பி.எட். கட்டடம் வருது. அப்புறம் டீமு எங்கன ஓடும்? டீமே இல்லாம கோச்சு எதுக்குன்னு கமிட்டில கேக்குறாக. நான் என்னத்தச் சொல்ல?”

“மூணு வருசமா மண்டலக் கோப்பை நம்மகிட்டதான் சார் இருக்கு.”

“எந்தக் கோப்பை?”

அவள் எழுந்து போய்த் தன் அறையிலிருந்த இரும்பு பீரோவைத் திறந்தாள். பழைய கோல் வலையில் சுற்றி அடித்தட்டில் கிடந்த கோப்பைகளை எடுத்துவந்து அவர் மேசைமேல் வைத்தாள். பாண்டியராஜன் ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு விசிலும் இரண்டு அந்துருண்டையும் விழுந்தன.

“இத ஏம்மா எங்கிட்டக் காட்டல?”

அவள் குனிந்து விசிலைப் பொறுக்கினாள்.

“பிரின்சிபாலுக்காவது தெரியுமா?”

“தெரியும் சார். அவுகளுக்கு விளையாட்டுன்னா தாயக்கட்டை. கேட்டுட்டு மறந்துட்டாக.”

“நான் கேக்குறப்பல்லாம் நீங்கதான சொன்னீக? ‘ஜெயிக்கிற டீமெல்லாம் இல்ல சார், புள்ளைக சும்மா வேர்க்க ஓடுதுக, ஒரு செலவும் இல்ல’ன்னு. நானும் கமிட்டில அதத்தான் சொன்னேன். சும்மா ஓடுறதுக்குக் கிரவுண்டு எதுக்கு, ரோட்டுல ஓடட்டுமேன்னுட்டாக.”

அவர் பொய் சொல்லவில்லை. அவள் அப்படித்தான் சொல்லியிருந்தாள். அதற்குக் காரணம் அவள் பிறந்த இடம்.

கம்பத்தில் அப்பா ஹக்கீம் ராவுத்தரின் திராட்சை மண்டியில் வளர்ந்த பெண். மண்டிக்காரனுக்கு வாய் இரண்டு. ஒன்று வாங்குகிற வாய், மற்றது விற்கிற வாய். தோட்டக்காரர் பெட்டியை இறக்கி வைத்ததும் ராவுத்தர் மேலே இருக்கிற பழத்தைக் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார். அடியில் கையை விட்டுத் துழாவி, நசுங்கிப்போன ஒரு பழத்தைத் தேடிப் பிடித்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டுவார். “தண்ணி ஏறிப்போச்சு மாப்ள. இத எவன் வாங்குவான்? உன் மூஞ்சிக்காக எடுக்குறேன்.” அதே பெட்டி மத்தியானம் கேரள வியாபாரி முன்னால் போய் உட்காரும்போது, “சேட்டா, இது பழமில்ல, தேனு” என்பார். இதை ஊரில் யாரும் பொய் என்று சொல்வதில்லை. பேரம் என்பார்கள். வாங்கும்போது சரக்கைப் புகழ்ந்த வியாபாரியின் மண்டியில் அடுத்த சீசனுக்கு வேறொருவர் பெயர்ப்பலகை தொங்கும்.

ரஹ்மத் நிஷா பழத்தை விட்டுவிட்டுப் பந்தைப் பிடித்தாள். வாயை மட்டும் வீட்டிலிருந்தே கொண்டுபோனாள்.

அந்த வாய்தான் அவளுக்கு அணியைக் கட்டிக் கொடுத்தது. 1996இல் இதே பாண்டியராஜன், “பொம்பளப் புள்ளைகளுக்கு ஃபுட்பாலா? ஜெயிச்சுத் தொலைச்சு டெல்லி, கல்கத்தான்னு கூட்டிட்டுப் போகணும்பீகளோ?” என்று பயந்தபோது, “ஜெயிக்கவா? நீங்க வேற சார். உருட்டக் கத்துக்கிட்டாலே பெருசு” என்றாள். வேலை கிடைத்தது. அடுத்தது அப்பன்மார். சின்னமனூர், கோம்பை, காமயகவுண்டன்பட்டி என்று டவுன் பஸ் ஏறிப் போவாள். கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, “உங்க மகளுக்கு ஆட்டமெல்லாம் வராதுண்ணே. பதினொரு தலை காட்டணும், ஒரு தலை குறையுது. ஓரத்துல நிக்கட்டும், போதும்” என்பாள். ஆட்டம் வரும் என்று சொன்னால் எந்த அப்பன் விடுவார்? வராது என்றால் ஆபத்தில்லை. எருமை ஓடாது என்று தெரிந்தவர் கயிறு தேடுவதில்லை. அப்படி ஓரத்தில் நிற்க வந்த பிள்ளைகளை வைத்துத்தான் மதுரைப் பெரிய கல்லூரிகளின் வலையைக் கிழித்தாள். பத்திரிகைக்காரர் கேமராவோடு வந்தால் பிள்ளைகளை முதலில் பஸ்ஸில் ஏற்றிவிடுவாள். பேப்பரில் படம் வந்தால் மறுநாள் கல்லூரி வாசலில் நாலு அப்பன்மார் நிற்பார்கள்.

பிள்ளைகளையும் அவள் புகழ்ந்ததில்லை. புகழ்ந்தால் அது வீடுவரை போகும்.

நதியா வந்தது 2007இல். கல்லூரி திறந்த அன்று பஸ் கூரையிலிருந்து கண்டக்டர் ஒரு வாழைக்காய்ப் பையைத் தூக்கிப் போட்டார். கீழே நின்ற நெட்டைப் பெண் ஒருத்தி, தோழியிடம் பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்தாமலே ஒரு கையை மேலே நீட்டி அதை வாங்கி, உரியவளிடம் கொடுத்துவிட்டு நடந்தாள். ரஹ்மத் நிஷா அதைப் பார்த்துவிட்டாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே காமயகவுண்டன்பட்டிக்குப் போய் நதியாவின் அப்பா மொக்கைச்சாமியைப் பார்த்தாள். அவர் திராட்சைத் தோட்டக்காரர். ஹக்கீம் ராவுத்தருக்குப் பழம் போட்டவர்.

“உங்க மகளுக்கு ஒண்ணும் வராது மாமா. ரெண்டு கட்டைக்கு நடுவுல நிக்கணும், அவ்வளவுதான். பந்தலுக்கு ஊண்டுன கல்லுக்காலு மாதிரி. ஓடக்கூட வேண்டாம்.”

“அப்பச் சரி ஆத்தா” என்றார் அவர்.

அடுத்த மூன்று வருஷம் அந்தக் கல்லுக்காலைத் தாண்டி உள்ளே போன பந்துகள் குறைவு. கடைசியாக இந்த ஜனவரியில் நடந்த மண்டல இறுதி ஆட்டத்தில் மதுரைப் பிள்ளைகள் ஆட்டம் முழுக்க அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஒன்றும் போகவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் ரஹ்மத் நிஷா, “எல்லாப் பந்தும் நேரா உன் கைக்கேதான் வந்துச்சு. நீ கைய எடுத்திருந்தாத்தான் அதிசயம்” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நதியாவும் சிரித்தாள்.

மோர் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்று, அண்ணன் அமானுல்லா மண்டியை அடைத்துவிட்டு அவளுக்காகக் காத்திருந்தார். அத்தா ராவுத்தர் மவுத்தாகி அடக்கமான பிறகு மண்டி அவருடையது, வீடும் அவருடையது. கல்லூரி வேலைக்கு முன்பே ரஹ்மத் நிஷாவைக் கோட்டயத்தில் இரும்புக்கடை வைத்திருந்த ஒருவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பந்தா வீடா என்று அவர் ஒருநாள் கேட்டார். அவள் பதில் சொல்லாமல் கம்பம் பஸ்ஸில் ஏறிவிட்டாள். அதிலிருந்து அண்ணன் வீட்டு மாடி அறை.

“போடில ஏலக்கா யாவாரி. மனுசன் தங்கம்” என்றார் அமானுல்லா. “வீட்டுக்காரம்மா மவுத்தாயிட்டாக. பயலுக எல்லாம் வளந்துட்டானுக.”

“எத்தனை வயசு?”

“பயலுகளுக்கா?”

“அவருக்கு.”

“ஆம்பளைக்கு என்ன வயசு. பல்லு எல்லாம் ஒறுதியா இருக்கு.”

“மாடா பிடிக்கப் போறோம், பல்லப் பாக்க?”

அமானுல்லா சிரிக்கவில்லை. “வேலை இருந்துச்சு, நானும் வாயத் தொறக்கல. நீ இங்கன இருக்குறது எனக்குப் பாரமில்ல, அல்லா சாட்சி. ஆனா வர்ற வருசம் என் மகளுக்கு மாப்ள பாக்கணும். வர்றவுக முதல்ல உன்னப் பத்தித்தான் கேப்பாக. ஜூன் பொறக்கட்டும். வேற வேலை கெடைச்சாச் சரி. இல்லையா, போடிக்குச் சரின்னு சொல்லிருவேன்.”

போடிக்காரரிடம் தன்னைப் பற்றி அண்ணன் எந்த வாயால் பேசியிருப்பார் என்று யோசித்தபடி அவள் மாடி ஏறினாள். வயது முப்பத்தாறு. தெரிந்த தொழில் ஒன்று. தேனி, ஆண்டிபட்டி, பெரியகுளம் என்று தெரிந்த கல்லூரிக்கெல்லாம் போன் போட்டாள். பொம்பளைப் பிள்ளைக் கால்பந்துக்கு ஆள் வேண்டும் என்று எந்த ஊரும் தவித்துக்கொண்டிருக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் மட்டும், ஆண்டுவிழா நடனம் சொல்லிக் கொடுப்பீர்களா என்று கேட்டார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அவளே திரும்பக் கூப்பிட்டுத் தெரியும் என்றாள். அதற்குள் ஆள் எடுத்துவிட்டார்கள்.

மே மாதம் வீரபாண்டி அம்மன் திருவிழா முடிந்த மறுவாரம் மதுரையிலிருந்து போன் வந்தது. ஜனவரியில் தோற்ற அதே கல்லூரி. முதல்வர் அம்மாவே பேசினார்.

“ஹெட் கோச் போஸ்ட் மேடம். பெர்மனென்ட். ஹாஸ்டல்லயே ரூம் கொடுத்துருவோம்.”

ரஹ்மத் நிஷா மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“ஒரே ஒரு விஷயம். அந்தக் கோல்கீப்பர், உயரமா ஒரு பொண்ணு. எங்க பிள்ளைங்க அவ பேரைக் கேட்டா இன்னும் பல்லைக் கடிக்கிறாங்க. அவ எம்.ஏ. எங்ககிட்ட சேரணும். ஃபீஸ் எதுவும் வேண்டாம். அவளைக் கூட்டிட்டு வாங்க, நீங்களும் வாங்க.”

“அவ வரலைன்னா மேடம்?”

“கோச்சுக்கு வேற அப்ளிகேஷன் இருக்கு. சனிக்கிழமைக்குள்ள சொல்லிருங்க.”

மாடு வாங்கினால் மூக்கணாங்கயிறு சேர்ந்து வரும். யார் மாடு, யார் கயிறு என்பதில் அவளுக்குக் குழப்பமில்லை, வெட்கமும் இல்லை. போடிக்கு மனைவியாகப் போவதைவிட மதுரைக்குக் கயிறாகப் போகலாம்.

நதியா போனை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைவரை அடித்துப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை காலை காமயகவுண்டன்பட்டிக்கு பஸ் ஏறினாள். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிப் பார்த்துக்கொண்டு போனாள். சும்மா நிற்கிற பெண் என்று தானே சொன்ன பிள்ளையை, அது இல்லாமல் ஆட்டமே இல்லை என்று அந்த அப்பனிடமே போய் இப்போது சொல்ல வேண்டும். மண்டியில் இப்படி ஒரு பேரம் நடந்ததே இல்லை. காலையில் வாங்கிய தோட்டக்காரனிடமே மத்தியானம் போய் யாரும் விற்பதில்லை.

மொக்கைச்சாமி வீட்டு முன்னால் ஒரு வேன் நின்றது. வாசல் நிறையச் செருப்புகள்.

“வா ஆத்தா, நல்ல நேரத்துல வந்த” என்றார் மொக்கைச்சாமி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. “நதியாவுக்குப் பூ வைக்க வந்துருக்காக. கோம்பைச் சம்பந்தம். மாப்ள செல்போன் கடை வச்சிருக்காப்ல.”

ரஹ்மத் நிஷா அவர் கையைப் பிடிக்காத குறையாக மாட்டுக் கொட்டத்துப் பக்கம் அழைத்துப் போனாள். அடுக்கி வைத்த வார்த்தையெல்லாம் சரிந்துவிட்டது.

“மாமா, நான் இத்தனை நாளும் சொன்னத எல்லாம் விட்டுருங்க. நதியா சும்மா நிக்கிற புள்ள இல்ல. அவதான் டீமே. அவள மாதிரி…”

“தெரியும்” என்றார் மொக்கைச்சாமி.

“என்ன தெரியும்?”

“உங்க அத்தாவுக்கு முப்பது வருசம் பழம் போட்டவன் நான். ராவுத்தரு எந்தப் பெட்டியப் பாத்து மூஞ்சியச் சுளிக்கிறாரோ, அன்னைக்கு மண்டில அதுதான் நல்ல பெட்டி. நீ வந்து உக்காந்து, உங்க மகளுக்கு ஒண்ணும் வராதுன்ன பாரு, அன்னைக்கே என் வீட்டுக்காரிகிட்டச் சொன்னேன். ‘அடியே, நம்ம புள்ளகிட்ட என்னமோ பெருசா இருக்கு, ராவுத்தர் மக கொறை சொல்லுது.’ இல்லன்னா பழம் வெட்டுற நேரத்துல பந்து பிடிக்க அனுப்புவனா?”

சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷமும் எந்த அப்பனை ஏமாற்றினோம் என்ற கணக்கே இப்போது சந்தேகத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அதை யோசிக்க நேரமில்லை.

“அப்ப மதுரைக்கு விடுங்க மாமா. எம்.ஏ., ஹாஸ்டல், எல்லாம் அவுகளே பாத்துக்கிறாக. நானும் கூட இருப்பேன்.”

“நான் என்ன விடுறது? புள்ள வேண்டாம்னு சொன்னா, வந்த வேனுக்கு டீத்தண்ணி ஊத்தித் திருப்பி அனுப்பிருவேன். ஆனா கல்யாணத்துக்குச் சரின்னதே அவதான். போன டிசம்பர்ல அவளா வந்து, ‘பாக்குறதுன்னா பாருங்கப்பா’ன்னா. எனக்கே ஆச்சரியம். அவகிட்டக் கேளு. இப்ப உள்ள தலை பின்னுறாக. பெரியவுக பேசி முடிக்கட்டும், வா, உக்காரு.”

கூடத்தில் ஜமக்காளத்தில் அவளுக்கும் இடம் விட்டார்கள். எதிரே மாப்பிள்ளையின் அம்மா அய்யம்மாள், பக்கத்தில் அவர் அண்ணன் ஒச்சாண்டி. ஒச்சாண்டிக்கு மாட்டுத் தரகு தொழில். கோம்பைக்காரர்களுக்குத் தங்கள் ஊரின் பேர்போன வேட்டை நாயைத் தவிர வேறு எதையும் புகழ வராது என்று இந்தப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. ஒச்சாண்டி அதை நிரூபிக்கவே வந்தவர்போல இருந்தார்.

“பொண்ணு பழுதில்ல. ஒசரம்தான் கொஞ்சம் தூக்கல். பக்கத்துல நிக்க வச்சா, போட்டோ பிடிக்கிறவன் எங்க மாப்ளைக்குச் செங்கல் தேடணும்.”

“கறுத்தும் போச்சு” என்றார் அய்யம்மாள். “வெயில்ல ரொம்ப அலைஞ்சிருக்கும்போல. கையப் பிடிச்சுப் பாத்தேன். கொத்தனார் கை தோத்துப்போகும்.”

“ஒரு வெரலு கோணலா வேற இருக்கு.”

“அது பந்து பட்டு ஒடிஞ்சு சேந்ததுங்க” என்று நதியாவின் அம்மா மெதுவாகச் சொன்னார்.

“ஒடிஞ்சதா? அதையும் இப்பத்தான் சொல்றீக.”

மொக்கைச்சாமி நிதானமாக வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். குறை சொல்லச் சொல்ல அவர் முகத்தில் தெளிவு ஏறியது. இவர்கள் முடிவு பண்ணிவிட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கூடத்தில் அது தெரியாதவர் யாருமில்லை. ரஹ்மத் நிஷாவுக்கும் தெரியும். இந்தப் பேச்சைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவள். ஆனால் அன்று சனிக்கிழமை.

“கையப் பத்திப் பேசாதீக” என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள்.

“அந்த வெரலு ஒடிஞ்ச அன்னைக்கும் அவ வெளிய வரல. துணியச் சுத்திக்கிட்டு நின்னா. மதுரைல இருந்து வந்தவளுக அடிச்ச ஒரு பந்து அந்தக் கையத் தாண்டிப் போகல. பதினாலு வருசமா புள்ளைகளப் பாக்குறேன். இப்படி ஒரு கோல்கீப்பர் என் முன்னால வந்ததில்ல, இனி வரப்போறதுமில்ல. ஒசரமாம், கொறையாம். அந்த ஒசரத்துக்கு மதுரைல ஃபீஸ் இல்லாம சீட்டு வச்சுக்கிட்டுக் காத்துக்கெடக்காக. அவ இருக்க வேண்டிய இடமே வேற.”

ஒச்சாண்டி துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“பொண்ணு வீட்டுல ஆள் பாத்துத்தான் கூட்டியாந்திருக்காக” என்றார். “டீச்சரு நம்ம தொழிலுக்கு வந்திருந்தா எனக்குச் சோறு கெடைக்காது. நல்லா விக்கிறாக.”

கூடமே சிரித்தது. அய்யம்மாள் மட்டும் சிரிக்காமல் ரஹ்மத் நிஷாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து குனிந்து, “நதியா கூப்புடுறா” என்றாள்.

நதியா பின்வாசலில் துவைகல்லுப் பக்கம் நின்றாள். பட்டுச்சேலை. சடையில் பாதிதான் பூ வைத்திருந்தார்கள். மீதிச் சரம் தோளில் தொங்கியது. சேலையில் இன்னும் உயரமாகத் தெரிந்தாள்.

“இப்ப உள்ள சொன்னீகளே மேடம். அது யாரப் பத்தி?”

“உன்னப் பத்தித்தான்.”

“நெசமாவா?”

“நெசம். மதுரைல ஹெட் கோச்சாக் கூப்புடுறாக. நீயும் வரணும். இன்னைக்கே சொல்லணும். உங்கப்பா ஒத்துக்கிட்டாரு. நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

நதியா தோளில் கிடந்த பூவை எடுத்துத் துவைகல்லில் வைத்தாள்.

“போன டிசம்பர்ல பிராக்டிஸ் முடிஞ்சு உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன். ஞாபகம் இருக்கா? ‘மேடம், நான் இதவே பெருசா எடுத்துப் பண்ணலாமா, எனக்கு வருமா’ன்னு.”

ரஹ்மத் நிஷாவுக்கு ஞாபகம் இருந்தது. தோட்டக்காரர் பெட்டியை நீட்டி, நல்ல பழம்தானே என்று கேட்டால் மண்டிக்காரனுக்கு யோசிக்க வேண்டியதில்லை. வாய் தானாக நகரும்.

“‘நீயா? போய் அரியர் இல்லாம பாஸ் பண்ற வழியப் பாரு’ன்னு சொன்னீக. நான் பஸ்ஸுல அழுதுகிட்டே வந்தேன். வீட்டுக்கு வந்து அப்பாகிட்டச் சரின்னுட்டேன்.”

“அது சும்மா சொன்னது நதியா. நீ வீட்டுல போய்ச் சொல்லி, உங்கப்பா பயந்து நிறுத்திருவாரோன்னு…”

“அப்பாவுக்குத்தான் தெரியுமாமே. நீங்க கொறை சொன்னா அது நல்ல சரக்குன்னு. இப்பத்தான் அம்மா சொன்னாக. அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். எனக்கு மட்டும் யாரும் சொல்லல.” அவள் குரல் உயரவில்லை. “ஒவ்வொரு மேட்சு முடிஞ்சும் பந்து தானா வந்து கையில விழுந்துச்சும்பீக. எனக்கும் அப்படித்தான் தோணிருச்சு. ஜெயிச்சாக்கூட, ஐயோ யாருதோ நமக்கு வந்துருச்சேன்னுதான் இருக்கும்.”

“இப்பச் சொல்றேன்ல. உன்னை மாதிரி யாரும் இல்ல.”

“இது எனக்காகச் சொல்றீகளா, உங்க வேலைக்காகச் சொல்றீகளா?”

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. இத்தனை வருஷப் பழக்கமும் கைகொடுக்கத் தயாராக நின்றது. நதியாவின் கண்ணைப் பார்த்ததும் அது வரவில்லை.

“வேலைக்காகவும்தான். எனக்கு வேற போக்கில்ல. ஜூன்ல வேலை இல்லன்னா எங்கண்ணன் என்னைப் போடில ஒரு கெழவனுக்குக் கட்டி வச்சிருவாரு. ஒரு வருசம் வா. ஒரே வருசம். அதுக்கப்புறம் நீ இஷ்டப்பட்டவனக் கட்டிக்க. உன் கால்ல வேணாலும்…”

குனியப் போனாள். நதியா பதறி விலகினாள். சேலைக் கொசுவம் துவைகல்லில் மாட்டி இழுத்தது.

“வேண்டாம் மேடம். இதெல்லாம் வேண்டாம்.” மாட்டிய துணியை விடுவித்துக்கொண்டே சொன்னாள்: “உங்களுக்குப் பிடிக்காத கல்யாணம் நடக்கக் கூடாதுன்னு எனக்குப் பிடிச்ச கல்யாணத்த நிறுத்தணுமா?”

“பிடிச்சிருக்கா?”

“போன மாசம் பொண்ணு பாக்க வந்தாக. எல்லாரும் ஒசரம், ஒசரம்னாக. அவரு மட்டும், ‘நல்லதாப் போச்சு, கடைல மேல் தட்டுல இருக்குற டப்பா எடுக்க ஸ்டூல் வேண்டாம்’னாரு. எல்லாரும் சிரிச்சாக, எனக்குச் சிரிப்பு வரல. என் ஒசரத்த ஒருத்தர் நல்லதுன்னு சொல்லி நான் கேட்டது அதுதான் முதத்தடவை.”

ரஹ்மத் நிஷா என்னவோ சொல்ல வாயெடுத்தாள்.

“ரெண்டு விலை சொல்ற கடைல எந்த விலைய மேடம் நான் நம்ப?” என்றாள் நதியா. கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்பவள்போலத்தான் கேட்டாள். பிறகு துவைகல்லிலிருந்த பூவை எடுத்துத் தானே சடையில் சொருகிக்கொண்டு, நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே போனாள்.

கூடத்தில் தாம்பூலம் மாற்றுகிற சத்தம் கேட்டது. ரஹ்மத் நிஷா கூடத்தின் வழியாகப் போகவில்லை. மாட்டுக் கொட்டத்தைச் சுற்றித் தெருவுக்கு வந்து, பஸ் நிற்கிற இடத்தில் புளியமர நிழலில் நின்று மதுரைக்குப் போன் போட்டாள்.

“சொல்லுங்க மேடம். பொண்ணு வர்றாளா?”

“இல்ல மேடம். கல்யாணம் நிச்சயமாயிருச்சு.”

“ஓ.”

“நான் மட்டும் வர்றேன். வேற கோல்கீப்பர் உருவாக்கிருவேன். ஆறு மாசம் குடுங்க.” தன்னைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தேடிப் பார்த்தாள். கோப்பைகளைச் சொல்லலாம். தடுத்த பந்துகளைச் சொல்லலாம். ஆனால் வாயில் வந்தது வேறு: “நான் பெரிய கோச்செல்லாம் இல்ல மேடம். ஆனா என்ன வேலை குடுத்தாலும் பாப்பேன். ஹாஸ்டல் வார்டன் வேலையும் சேத்துப் பாக்குறேன். பெர்மனென்ட்கூட வேண்டாம்.”

அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

“பாத்துட்டுச் சொல்றோம் மேடம்.”

பார்த்துச் சொல்கிறோம் என்பது மண்டியில் கதவை மெதுவாகச் சாத்துகிற சத்தம். அதை அவள் நடக்கப் பழகும் முன்பே அறிவாள். இருந்தும் போன் அணைந்த பிறகும் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். எடுத்தால் அடுத்து அண்ணனைக் கூப்பிட வேண்டும்.

வேன் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தது. ஒச்சாண்டி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து யாரையோ அவசரப்படுத்தினார். அய்யம்மாள் மட்டும் வேனில் ஏறாமல், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புளியமரத்தைப் பார்த்து வந்தார்.

“டீச்சர், ஒரு நிமிசம்.”

சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து ரஹ்மத் நிஷா நிமிர்ந்தாள்.

“உள்ள நீங்க பேசுனதக் கேட்டேன்” என்றார் அய்யம்மாள். திரும்பி வேனைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “எங்கண்ணன் கெடக்காரு. எனக்கு இன்னொரு பொட்டப் புள்ள இருக்கு, சுருளியம்மாள்னு பேரு. பன்னெண்டாவது எழுதிருக்கா. ஒசரம் கெடையாது. ஆனா ஓடுனான்னா கோம்பை நாயிகூடப் பிடிக்காது. அவளப் பத்தி இதுவரைக்கும் வீட்டுல ஒருத்தரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்ல. நானும்தான். நீங்க பேசப் பேச எனக்கு அவ ஞாபகந்தான் வந்துச்சு. உங்ககிட்டயே விடலாம்னு இருக்கேன்.”

ரஹ்மத் நிஷா போனைப் பைக்குள் போட்டாள்.

“அவுகளுக்கெல்லாம் இப்பத் தெரிய வேண்டாம். ஜூன்ல சேத்துட்டுச் சொல்லிக்கிறேன்.” அய்யம்மாள் இடுப்பிலிருந்து செல்போனை எடுத்தார். மகன் கடையிலிருந்து கொடுத்த புதுப் போன், திரையில் ஒட்டிய தாளை இன்னும் பிரிக்கவில்லை. “எந்தக் காலேஜு டீச்சர்? பேரச் சொல்லுங்க, அடிச்சு வச்சுக்கிறேன்.”

கம்பம் பஸ் வந்து நின்றது. இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். கண்டக்டர், “ஏறுறவுக ஏறுங்க” என்றார். அய்யம்மாள் எழுத்துப் பலகைமேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, முதல் எழுத்துக்காகக் காத்திருந்தார்.